மங்கிப்போன பச்சை லேசர்

எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவள், காரைக்காலில் எங்கள் தெருவில் அந்தப் படிப்பைப் படித்த முதல் பெண், கல்யாணமாகி ஏழு வருடம் ஆன பிறகும் பட்டச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டி வைத்திருந்தவள். யார் வீட்டில் மிக்ஸி நின்றாலும், யாருக்கு மருந்துச் சீட்டு புரியாவிட்டாலும் என்னிடம்தான் வருவார்கள். பதில் சொல்லி அனுப்பும்போது உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும். அதை மறைக்கவும் எனக்குத் தெரியாது.

என் கணவர் துபாயில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். ஊருக்கு யார் வந்தாலும் அவர்களிடம் ஒரு பெட்டி கொடுத்தனுப்புவார். சென்ட், சோப்பு, டார்ச், சேலை, குழந்தைகளுக்கு மிட்டாய் என்று அதில் எது வேண்டுமானாலும் இருக்கும். அதை வீட்டு முன்னறையில் வைத்து நான் விற்பேன். வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவரை எங்கள் பக்கம் சபராளி என்போம், அப்படிப்பட்ட வீடுகள் பலவற்றில் இந்த வியாபாரம் உண்டு. புருஷன் கடல் தாண்டிச் சம்பாதிப்பார், பெண்டாட்டி வாசல் தாண்டாமல் சம்பாதிப்பாள்.

ஒரு தடவை பெட்டியில் பன்னிரண்டு பச்சை லேசர் பேனாக்கள் வந்தன. சிவப்பு லேசர் அதற்கு முன்பே தர்கா கந்தூரித் திருவிழாக் கடைகளில் சாவிக்கொத்தோடு தொங்கும், பிள்ளைகள் வாங்கிப் பூனையை விரட்டுவார்கள். பச்சை புதுசு. சிவப்பு விழுகிற இடத்தில் மட்டும் ஒரு பொட்டாகத் தெரியும். பச்சையோ, சாம்பிராணி போட்ட அறையில் அடித்தால் கையிலிருந்து சுவர் வரைக்கும் ஒரு கோடாகவே நின்றது. "நம்ம ஊர்ல யாரும் பாத்திருக்க மாட்டாங்க புள்ள, அடிச்சுப்புடிச்சு வாங்குவாங்க பாரு" என்று மச்சான் போனில் சொன்னார். கணவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

ஒரு மத்தியானம் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாகச் சுவரில் அடித்துப் பார்த்தேன். ஒன்பது நன்றாக எரிந்தன. சுவரில் விழுந்த பொட்டைப் பார்க்கவே கண் கூசியது. மூன்று மட்டும் சோகை பிடித்தவை மாதிரி எரிந்தன. புது பேட்டரி போட்டும் அப்படியேதான்.

லேசர் கண்ணைக் கெடுக்கும் என்பது எனக்குத் தெரியும். கல்லூரி ஆய்வகத்தில் அதற்கு நேரே தலையைக் கொண்டுபோனால் எங்களை வறுத்தெடுத்துவிடுவார்கள். அதனால் பன்னிரண்டையும் என் படிப்பை வைத்துத் தரம் பிரித்தேன். வெளிச்சம் அதிகமென்றால் ஆபத்து அதிகம், வெளிச்சம் குறைவென்றால் ஆபத்து குறைவு. இதற்கு பி.எஸ்சி.கூட வேண்டாம் என்று நினைத்தேன். பிரகாசமான ஒன்பதையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். மங்கலான மூன்றையும் சென்ட் பாட்டில்களுக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன்.

முதலில் வாங்கியவர் திருநள்ளாறில் லாட்ஜ் வைத்திருந்த ஒருவர். சனிப்பெயர்ச்சிக்கு வருகிறவர்களுக்குக் கோபுரத்துச் சிற்பங்களைச் சுட்டிக்காட்ட வேண்டுமாம். பீரோவிலிருந்து இரண்டை எடுத்து, முன்னறையில் அடித்துக் காட்டி, "மனுஷங்க பக்கம் திருப்பாதீங்க, கண்ணாடியில அடிக்காதீங்க, நீங்களும் உள்ள எட்டிப் பாக்காதீங்க" என்று ஒரு வகுப்பே எடுத்தேன். அவர் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரித் தலையை ஆட்டிவிட்டு வாங்கிப் போனார்.

அப்போது வாசற்படியில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்தாள் எங்கள் வீட்டுக்கு வாடிக்கையாக மீன் கொண்டுவருகிறவள். கருக்களாச்சேரிக்காரி. என்னைவிட நாலைந்து வயது பெரியவள், ஆனாலும் என்னை அக்கா என்பாள். அவள் வீட்டுக்காரர் ஃபைபர் படகு ஓட்டுகிறவர். நாலு பேர் போகும் படகில் அவர்தான் சுக்கான் பிடிப்பார். முகத்துவாரத்தில் மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். அதில் தட்டாமல் படகை வெளியே எடுக்கவும் உள்ளே கொண்டுவரவும் அவரை விட்டால் ஆள் இல்லை என்று ஊரில் பேச்சு. அதைச் சொல்லும்போது மட்டும் அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து நின்று சொல்வாள்.

"அக்கா, அந்தப் பச்சக் கோடு எங்களுக்கு ஒண்ணு வேணும்க்கா. இவரு படகு ஒரு பக்கம், இவரோட அண்ணன், எங்க மூத்தாரு படகு ஒரு பக்கம் போவுது. விடியுறதுக்கு முன்னாடி பனியில டார்ச் அடிச்சா ஒருத்தருக்கொருத்தர் தெரிய மாட்டேங்குது."

"அது வேணாம். உன் வீட்டுக்காரர் தெரியாத்தனமா கண்ணுல அடிச்சுக்கிட்டா அவ்வளவுதான். அவர் கண்ணை நம்பி இன்னும் மூணு பேர் இருக்காங்க."

"அப்ப மங்கலா இருக்குன்னு தனியா வச்சிருக்கீங்களே, அது?"

"அது வேணா எடுத்துக்க. அது ஒண்ணும் பண்ணாது. கண்ணுக்கு நேரா புடிச்சாலும் ஒண்ணும் ஆவாது."

"நெசமாவாக்கா?"

"நான் படிச்சதே அதானே."

பழுதான பொருளுக்குக் காசு வேண்டாம் என்றேன். அவள் விடவில்லை. கூடையிலிருந்ததிலேயே நல்ல வௌவால் மீன் இரண்டை என் சட்டியில் போட்டாள். லேசரை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். மச்சானிடம் அன்றைக்கே போனில் பெருமையாகச் சொன்னேன், ஆபத்தானதைக் கொடுக்காமல் ஆபத்தில்லாததைக் கொடுத்தேன் என்று.

இரண்டு வாரம் கழித்து இன்னொரு சபராளி வந்தார். அவரிடம் எனக்கென்று மச்சான் கேமரா வைத்த செல்போன் ஒன்று கொடுத்தனுப்பியிருந்தார். எங்கள் தெருவுக்கு அதுவும் புதுசு. லேசரில் மூன்று மங்கல் என்று நான் நச்சரித்துக்கொண்டிருந்ததால், "அதைப் படம் புடிச்சு வை, திரும்பி வர்றவங்ககிட்ட குடுத்தனுப்பு, கடைக்காரன்கிட்ட சண்ட போட்டு மாத்திக்கிறேன்" என்று சொல்லியிருந்தார்.

உள்ளறையில் கதவைச் சாத்தினேன். முதலில் நல்ல லேசர் ஒன்றைச் சுவரில் அடித்துப் படம் எடுத்தேன். திரையில் பச்சைப் பொட்டு, கண்ணுக்குத் தெரிவது போலவே. பிறகு மங்கல் ஒன்றை அடித்தேன். சுவரில் எப்போதும்போலச் சோகைப் பச்சை. திரையைப் பார்த்தால், அந்தப் பச்சையைச் சுற்றி வெள்ளையும் ஊதாவுமாக உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளிச்சம் கொழுந்துவிட்டு எரிந்தது. போனை விலக்கிச் சுவரைப் பார்த்தேன். அங்கே அப்படி ஒன்றும் இல்லை. மறுபடி போன் வழியாகப் பார்த்தேன். இருந்தது.

போன்தான் கோளாறு என்று நினைத்தேன். அந்த ஊதாவை எங்கேயோ பார்த்த ஞாபகம் வேறு. வெளியூரிலிருந்து வந்த டிவி மெக்கானிக் ஒருவர் எங்கள் வீட்டு ரிமோட்டைத் தன் கேமரா செல்போன் முன்னால் பிடித்துப் பார்த்தது நினைவுக்கு வந்தது. ரிமோட்டை எடுத்து வந்து போன் முன்னால் அமுக்கினேன். அதே ஊதா மினுக்கியது. ரிமோட்டிலிருந்து வருவது அகச்சிவப்புக் கதிர். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். பரீட்சையில் அதற்கு நான் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

பச்சை குறைவாக வருகிற லேசரிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் இவ்வளவு வருகிறது. பிரகாசமான பச்சை கண்ணில் பட்டால் இமை தானாக மூடிக்கொள்ளும், முகத்தைத் திருப்பிக்கொள்வோம். இதற்கு இமை மூடாது. ஒன்றுமே தெரியாதபோது எதற்கு மூட வேண்டும்? கண்ணுக்கு நேராகப் பிடித்தாலும் ஒன்றும் ஆகாது என்று இந்த வாயால்தான் சொல்லியிருந்தேன்.

மூன்று நாளாக அவள் மீன் கொண்டுவரவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. காற்று பலமாக இருந்ததால் கடலுக்குப் போயிருக்க மாட்டார்கள் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். ஆனால் அடுத்த தெருவில் வேறொருத்தி கூவி விற்றுக்கொண்டுதான் இருந்தாள்.

நேராகக் கருக்களாச்சேரிக்குத்தான் போயிருக்க வேண்டும். போகவில்லை. நான் பயப்படுவது தப்பு என்று எங்காவது எழுதியிருக்காதா என்ற நப்பாசையில் முதலில் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். ஒரு பக்கம் திறக்க ஐந்து நிமிடம் ஆகிற காலம். திரையில் சக்கரம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒருவர் யாருக்கோ விசா படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார்.

படித்ததில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். பச்சை லேசருக்குள் முதலில் உண்டாவது பச்சையே இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் உண்டாகிறது. அது ஒரு படிகத்துக்குள் போய், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கதிராகிறது. அது அடுத்த படிகத்துக்குள் போய்த்தான் பச்சையாகிறது. எல்லாமே பச்சையாகிவிடாது. மாவு சலித்தால் கப்பி நிற்கிற மாதிரி மிச்சம் இருக்கும். அந்த மிச்சம் வெளியே வராமல் தடுக்க முன்னால் ஒரு சின்னக் கண்ணாடி வைக்க வேண்டும். அதைத்தான் ஐ.ஆர். ஃபில்டர் என்கிறார்கள். மலிவாகச் செய்கிறவர்கள் முதலில் விட்டுவிடுவது அதைத்தான். படிகம் சரியாக உட்காராவிட்டால் பச்சை குறையும், மிச்சம் கூடும். அதாவது மங்கலாக எரிகிற லேசரை வாங்கவே கூடாது. வாங்கும்போது அந்தக் கண்ணாடி இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். பன்னிரண்டு வாங்கியவரும் கேட்கவில்லை, விற்றவளும் கேட்கவில்லை.

வெளியே வந்து மச்சானுக்கு மிஸ்டு கால் கொடுத்தேன். அவர் திரும்பக் கூப்பிட்டதும் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"மிச்சம் இருக்குறத ஒடச்சுக் குப்பையில போடு. அவங்ககிட்ட நீயா போயி ஒண்ணும் சொல்லாத."

"சொல்லாம எப்படி மச்சான்? இன்னமும் அதை வச்சிக்கிட்டு இருப்பாங்க."

"நீ போயி எங்க பொருளால கண்ணு போவும்னு சொன்னா, அவங்க ஊர்ல பஞ்சாயத்து கூடும். நாளைக்கு நம்ம வாசல்ல வந்து நிப்பாங்க. நான் இங்க கெடக்கேன். நீ ஒத்தப் பொம்பள என்ன பண்ணுவ?"

அவர் பயந்தது நியாயம்தான். அவர் இருந்த தூரத்தில் இருந்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "நீங்க கண்ணாடி இருக்கான்னு கேட்டு வாங்கியிருந்தா நான் ஏன் போவப்போறேன்" என்று கத்திவிட்டு போனை வைத்தேன். தப்பில் பாதியை அவர் தலையில் கட்டியதில் ஒரு நிமிடம் ஆறுதலாக இருந்தது. ஆட்டோவில் ஏறியதும் அந்த ஆறுதலும் போய்விட்டது. என் மாமியார் வீட்டில் அசர், அதாவது பிற்பகல் தொழுகையில் இருப்பார். அவரிடம் சொல்லிவிட்டுப் போகக்கூட நான் வீட்டுக்குத் திரும்பவில்லை.

போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. படித்தவள் என்று அவள் என்னைப் பார்க்கிற பார்வை எனக்குப் பிடித்திருந்தது, அதை இழக்க மனமில்லை. கடைசியில் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டேன். அது பழுதான பொருள், மாற்றித் தருகிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். கண்ணுக்கு ஒன்றும் ஆகியிருக்காவிட்டால் சொல்லாமலே விட்டுவிடலாம். ஆகியிருந்தால் என்ன செய்வது என்பது வரைக்கும் நான் யோசிக்கவில்லை.

அவர்கள் வீட்டுக்கு முன்னால் இரண்டு கம்புகளுக்கு இடையில் வலையை விரித்துக் கட்டியிருந்தார்கள். அவர் அதன் முன்னால் குந்தி, ஊசியும் நூலுமாக எதையோ தேடிக்கொண்டிருந்தார். அவள் என்னைப் பார்த்ததும் பதறிப்போய் எழுந்தாள்.

"என்னாக்கா, இம்புட்டுத் தூரம் நீங்களே வந்துட்டீங்க? உக்காருங்க. மூணு நாளா வர முடியல. இவரு தல வலிக்குதுன்னு கடலுக்குப் போவல."

பிறகு கணவரைப் பார்த்து, என்னிடம் கேலியாகச் சொன்னாள். "கூத்தப் பாருங்களேன். மூணு நாளா கிழியாத வலையத் தச்சிட்டு உக்காந்திருக்காரு. ஓட்ட இருக்குங்குறாரு, கிட்டப் போயிக் கையால தொட்டுப் பாத்தா இல்லங்குறாரு. மறுபடி தள்ளி உக்காந்து தேடுறாரு."

அவர் சிரிக்கவில்லை. எனக்குப் பாதி புரிந்துவிட்டது. அப்படியும் நான் தயார் செய்துகொண்டு வந்த பொய்யைத்தான் சொன்னேன்.

"அந்தப் பச்சை லேசர் பழுதான சரக்கு. மாத்தித் தரலாம்னு வாங்கிட்டுப் போக வந்தேன்."

"பழுதா? நல்லாத்தானம்மா எரியுது" என்றார் அவர். சட்டைப் பையிலிருந்து அதை எடுத்தார். முனையைக் கைலியில் துடைத்தார். வலது கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, இடது கண்ணைச் சுருக்கிக்கொண்டு பொத்தானில் விரல் வைத்தார். பழுது என்று நான் சொன்னதால்தான் எரிகிறதா என்று பார்க்கப் போனார்.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. என் உள்ளங்கையால் அதன் முனையைப் பொத்தினேன். அந்நிய ஆம்பளை கையைப் பிடித்திருக்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. என் கைக்குள் கொஞ்சமாகப் பச்சை கசிந்தது.

"தினம் இப்படித்தான் பாப்பீங்களா?" என்று கேட்டேன்.

கடலுக்குப் போகிறவர்கள் டார்ச்சை எடுத்துப்போகும் முன் அப்படித்தான் பார்ப்பார்களாம். கண்ணுக்கு நேரே பிடித்து, பல்பு வெள்ளையாக எரிந்தால் பேட்டரி இருக்கிறது, சிவப்பாக எரிந்தால் மாற்ற வேண்டும். கரையில் நின்று கடலைப் பார்த்து அடித்தால் வெளிச்சம் எவ்வளவு என்று தெரியாது, கண்ணில் பார்த்தால்தான் தெரியும். "இது மங்கலா வேற இருக்கா, அணஞ்சிடுச்சோ அணஞ்சிடுச்சோன்னு போறப்பயும் பாப்பேன், கடல்லயும் பாப்பேன். நீங்கதான் ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லியனுப்புனீங்களே" என்றார். குறை சொல்லும் குரல் இல்லை அது. அவருக்கு அப்போது எதுவும் தெரியாது.

வலையைப் பார்க்கச் சொன்னேன். முதலில் வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். எல்லாக் கண்ணியும் சரியாக இருக்கிறது என்றார். பிறகு இடது கண்ணை மூடச் சொன்னேன். ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த ஊசி கீழே விழுந்தது.

"நடுவுல நாலு கண்ணி இல்ல" என்றார். "சுத்தி இருக்கறதும் வளைஞ்சு தெரியுது."

அவள் ஓடிப்போய் வலையைத் தொட்டாள். "இந்தா, முழுசா இருக்கே. இங்கதான இருக்கு" என்று ஒவ்வொரு கண்ணியாக விரலை விட்டுக் காட்டினாள். அவர் அந்தப் பக்கம் தலையைத் திருப்பத் திருப்ப, ஓட்டையும் அவர் பார்வையோடு கூடவே போனது. அவள் கை மெதுவாகக் கீழே இறங்கியது. மூன்று நாளாகத் தான் கேலி பண்ணிக்கொண்டிருந்தது எதை என்று அவளுக்கு அப்போது புரிந்துவிட்டது.

நான் சொல்லிவிட்டேன். மாற்றித் தர வந்தேன் என்றது பொய் என்பதை முதலில் சொன்னேன், பிறகு உண்மையை. கண்ணுக்குத் தெரியாத கதிர், விட்டுப்போன கண்ணாடி, மங்கலானதுதான் மோசமானது, ஒன்றும் ஆகாது என்று நான் சொன்னது தப்பு. எல்லாவற்றையும் சொன்னபோது எனக்கே என் குரல் பாடம் ஒப்பிக்கிற குரலாகக் கேட்டது. என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "ஊர்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா."

நாலு நாளுக்கு முன்னால் படகு உள்ளே வரும்போது மணல் திட்டில் தட்டியதாம். கூட இருந்தவர்கள் அலை தள்ளிவிட்டது என்று நினைத்தார்கள். திட்டு அவர் கண்ணில் படவே இல்லை. அதனால்தான் தலைவலி என்று சொல்லி வீட்டில் இருந்தார். தைலம் தேய்த்தால் இரண்டு நாளில் சரியாகிவிடும், நாளைக்குப் போய்விடலாம் என்றுதான் இருந்தார். "கண்ணு போனவன்னு பேரு எடுத்துட்டா சுக்கான எவன் குடுப்பான்? படகுல கூட வர்ற என் தம்பியே குடுக்க மாட்டான்" என்றார்.

எதையும் வெளியே சொல்லாதே என்று அன்றைக்கு மச்சானும் சொன்னார், இவரும் சொன்னார். ஒத்துக்கொண்டிருந்தால் எனக்கு எவ்வளவு வசதி. ஆனால் அந்த நாலு பேரோடு படகு முகத்துவாரத்தைத் தாண்டுவது கண்ணுக்குள் வந்தது. "ஒரு கண்ணை வச்சுக்கிட்டு மூணு பேர் உயிரை ஏத்திக்கிட்டுப் போவீங்களா? உங்க தம்பியும் அந்தப் படகுலதான இருக்காரு?" என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன். அப்படிக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. மனைவியைப் பார்த்தார். அவள், "காலையில டாக்டர்ட்ட போறோம்" என்றாள்.

மறுநாள் காலை மூவரும் கண் டாக்டரிடம் போனோம். சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் வைத்து நெடுநேரம் பார்த்தார். விழித்திரையின் நடுவில் சின்னக் காயம் இருக்கிறது என்றார். எப்படி ஆனது என்று கேட்டார்.

"லைட்டு எரியுதான்னு உள்ள பாத்தேன் சார். நானாத்தான் பாத்தேன்" என்றார் அவர். என் பக்கம் திரும்பவே இல்லை.

டாக்டர் அவரைப் பிடித்து ஏறு ஏறு என்று ஏறினார். லேசரை எவனாவது கண்ணுக்குள் வைத்துப் பார்ப்பானா, நாலு எழுத்துப் படித்தவர்களைக் கேட்க வேண்டாமா, கையில் கிடைத்ததை எல்லாம் வாங்கிக் கண்ணில் வைத்துக்கொண்டு அப்புறம் இங்கே வந்து நிற்கிறீர்கள் என்று பொரிந்து தள்ளினார். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் உட்கார முடியவில்லை.

"சார், அவங்க கேட்டாங்க. படிச்ச என்னைத்தான் கேட்டாங்க. ஒண்ணும் பண்ணாதுன்னு நான்தான் சொன்னேன்" என்றேன்.

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மூன்று மாதம் படகு ஓட்டக் கூடாது, காயம் தானாக எவ்வளவு ஆறுகிறது என்று பொறுத்துத்தான் பார்க்க வேண்டும், முழுதாக ஆறும் என்று உறுதி சொல்ல முடியாது என்று சொல்லிச் சீட்டு எழுதினார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அன்று சாயங்காலமே அவர் தன் தம்பியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். சுக்கான் தம்பி கைக்குப் போனது, அவர் நடுவில் உட்கார்ந்து வலை இழுத்தார். பஞ்சாயத்து எதுவும் என் வாசலுக்கு வரவில்லை. நான் லாட்ஜ்காரருக்குப் போன் செய்து விற்ற இரண்டையும் திரும்ப வாங்கினேன். எல்லாவற்றையும் செல்போன் கேமராவில் பார்த்தபோது, நன்றாக எரிந்தவற்றிலேயே இரண்டில் அந்த ஊதா தெரிந்தது. எதையும் நம்பாமல், அவரிடமிருந்து வாங்கி வந்ததையும் சேர்த்துப் பன்னிரண்டையும் அம்மியில் வைத்து நசுக்கினேன். நாலு கண்ணி இல்லை என்றவருக்கு மூன்று மாதத்தில் இரண்டு கண்ணி திரும்பக் கிடைத்தது. மற்ற இரண்டும் கிடைக்கவே இல்லை.

ஆனால் அந்தக் காலையில், ஆஸ்பத்திரி வாசலில், இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. அவர் மருந்து விட்ட கண்ணோடு வெயிலைப் பார்க்க முடியாமல், துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார். அவள் என் பக்கத்தில் நின்றாள். முந்தின நாளிலிருந்து அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"அக்கா, இவரு இனிமே சுக்கான் புடிப்பாராக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

எல்லாம் சரியாகிவிடும் என்று வாய்வரைக்கும் வந்தது. அப்படிச் சொல்லித்தானே எனக்குப் பழக்கம். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியல" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். ஆட்டோவில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டு நழுவாமல் இழுத்து விட்டாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள். அதில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை.

"அன்னிக்கும் இதையே சொல்லியிருக்கலாம்லக்கா."